பெரிய பேட்டரியில் 69 விழுக்காடு சார்ஜ் இருந்தும் மின்சாரக் கார் கிளம்பவில்லை: எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

நொய்யல்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் நாங்கள் ஓட்டும் மின்சாரக் கார் அண்மைக் காலமாகக் கிளம்ப மறுக்கிறது. வாங்கி மூன்று ஆண்டுகள் கடந்த சிறிய ரக வண்டி. டயரும் வைப்பரும் மாற்றியதைத் தவிர இதுவரை எந்தச் செலவும் வைத்ததில்லை. என் ஐயம் எல்லா மின்சாரக் கார்களுக்கும் பொதுவானது என்று நினைப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் வெளியூர் சென்றிருந்தபோது வண்டி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள நிறுத்துமிடத்தில் நின்றிருந்தது. புறப்படும்போது பேட்டரி 70 விழுக்காடு காட்டியது. திரும்பி வந்து ரிமோட் சாவியை அழுத்தியபோது கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் உலோகச் சாவியைக் கொண்டுதான் திறக்க வேண்டியிருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கலாக ஒளிர்ந்து அணைந்தது. டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) படபடவென்று அடித்துக்கொள்ளும் ஒலி கேட்டது. அடுத்த முறை அழுத்தியபோது பிரேக், ஸ்டீயரிங், மோட்டார் என்று எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரிந்தனவே தவிர, வண்டி ஓடத் தயார் என்பதைக் காட்டும் ரெடி விளக்கு மட்டும் எரியவில்லை. சுவர் சார்ஜரைச் செருகிப் பார்த்தோம். சார்ஜ் ஏறவும் தொடங்கவில்லை.

சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசியில் விவரத்தைச் சொன்னபோது, பெரிய பேட்டரியில் கோளாறு இருக்கக்கூடும், இழுவை வண்டியில் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்றார்கள். எங்கள் அடித்தளத்தின் கூரை தாழ்வானது. லாரி உள்ளே வர முடியாது. வண்டியோ பார்க் நிலையில் பூட்டிக்கொண்டு நிற்கிறது, தள்ளினாலும் நகரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம்மிடமிருந்த கையடக்கப் பூஸ்டரை பானட்டுக்குள் இருக்கும் சிறிய பேட்டரியில் இணைத்துப் பார்த்தார். உடனே ரெடி விளக்கு எரிந்தது. பெரிய பேட்டரி 69 விழுக்காடு என்று காட்டியது. மேட்டுப்பாளையம் வரை ஓட்டிச் சென்று திரும்பினோம். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஆனால் அடுத்த வாரமே ஒரு காலையில் மீண்டும் அதே நிலைமை.

பெரிய பேட்டரி பழுதா? இவ்வளவு சார்ஜ் உள்ளேயே இருக்கும்போது வண்டி ஏன் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை? வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது, கணவருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியும். இழுவை வண்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் நாங்களே பாதுகாப்பாகச் சோதிக்கக் கூடியவை எவை என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மின்வண்டி மதுரை:

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியதிலேயே விடை பாதிக்கு மேல் இருக்கிறது. சிறிய பேட்டரியில் பூஸ்டரை இணைத்தவுடன் வண்டி உயிர் பெற்று, பெரிய பேட்டரியின் அளவையும் சரியாகக் காட்டி, மேட்டுப்பாளையம் வரை தொல்லையின்றி ஓடியிருக்கிறது என்றால் பெரிய பேட்டரியைச் சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை. அந்தச் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டதன் அடையாளங்கள்தாம் நீங்கள் விவரித்தவை அனைத்தும். எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிவது, எல்லாம் ஒன்றாகப் பழுதாகிவிட்டன என்பதால் அன்று. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கணினியும் குறைந்த மின்னழுத்தத்தில் விழித்து, மற்றவற்றுடன் பேச முடியாமல் தடுமாறுகிறது என்பதால்தான்.

வேறு சில எளிய காரணங்களாலும் ரெடி விளக்கு எரியாமல் போகலாம்: ரிமோட்டுக்குள் இருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்துபோவது, பிரேக் மிதியை முழுவதும் அழுத்தாமல் இருப்பது, பிரேக் விளக்கின் சுவிட்ச் பழுதடைவது, சார்ஜிங் பிளக் வண்டியிலேயே செருகியிருப்பது. இவற்றில் திரை முழு ஒளியுடன் எரியும், அதில் தெளிவான செய்தியும் வரும். ரிமோட் பேட்டரி தீர்ந்திருந்தால் பல வண்டிகளில் ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டி வைத்து அழுத்தினாலே போதும். உங்கள் வண்டியில் திரையே மங்குகிறது என்பதால் இவற்றைக் கடந்து செல்லலாம்.

பூஸ்டரை மீண்டும் பயன்படுத்த நேர்ந்தால் சிவப்பு கிளிப்பை நேர்முனையிலும், கறுப்பு கிளிப்பை எதிர்முனையில் அல்லாமல் பெயின்ட் இல்லாத உலோகப் போல்ட் ஒன்றிலும் மாட்டுங்கள். இன்றைய பல வண்டிகளில் எதிர்முனைக் கிளாம்பிலேயே மின்னோட்டத்தை அளக்கும் உணரி இருக்கிறது. கறுப்பு கிளிப்பை நேரடியாக முனையில் மாட்டினால் உள்ளே வரும் மின்சாரம் அந்த உணரியின் கணக்கில் சேராது. முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் சேதம் பல ஆயிரங்களில் முடியும் என்பதால், மாட்டுவதற்கு முன் கூட்டல், கழித்தல் குறிகளை இருவர் பார்த்து உறுதி செய்வது நல்லது.

மூன்று ஆண்டுகள் கடந்த பேட்டரி, அதுவும் கோடையில். புதியது மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பது என் கருத்து. வெளியூர் செல்லும்போது சார்ஜரைச் செருகியே வைத்துவிட்டுச் சென்றால் சிறிய பேட்டரியும் நிறைந்தே இருக்கும்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர், சேலம்:

மேலே நண்பர் கண்டறிந்தது சரி. ஆனால் பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு இவ்வளவு விரைவாக வருவதையும், சார்ஜரைச் செருகியே வைக்கலாம் என்ற யோசனையையும் என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் சகோதரியின் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு விடை தெரிந்தால் சோதிக்கும் வரிசை தானே விளங்கிவிடும்.

மின்சாரக் காரில் ஒன்றோடொன்று நேரடித் தொடர்பில்லாத இரண்டு மின்னமைப்புகள் இருக்கின்றன. மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி பெரும்பாலான வண்டிகளில் 300 முதல் 400 வோல்ட் வரையிலானது. கதவுப் பூட்டு, விளக்கு, திரை, பிரேக் கட்டுப்பாடு, ஏர்பேக், பெரிய பேட்டரியையே மேற்பார்வையிடும் கணினி ஆகிய அனைத்தும் இயங்குவது 12 வோல்ட்டில். பெரிய பேட்டரிப் பெட்டிக்குள் நேர்முனையிலும் எதிர்முனையிலும் கான்டாக்டர் எனப்படும் வலுவான ரிலேக்கள் உள்ளன. அவற்றின் சுருளுக்கு 12 வோல்ட் கிடைத்தால்தான் அவை மூடும். அது நின்றவுடன் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அவற்றைத் திறந்துவிடும். இது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட அமைப்பு. விபத்தில் ஏர்பேக் விரிந்தாலும், பராமரிப்புக்காக யாரேனும் உயர் மின்னழுத்த இணைப்பைக் கழற்றினாலும், உயிரைப் பறிக்கக்கூடிய அந்த மின்னழுத்தம் பெட்டிக்கு வெளியே வராமல் நின்றுவிட வேண்டும் என்பதே நோக்கம்.

நீங்கள் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும்போது கணினிகள் விழித்து ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. பிறகு எதிர்முனைக் கான்டாக்டரும், ஒரு மின்தடை வழியாகச் செல்லும் சிறிய ரிலேவும் முதலில் மூடுகின்றன. பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வர்ட்டருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கி வைப்பவை) அந்த மின்தடை வழியே மெதுவாக நிரம்பிய பின்னரே நேர்முனைக் கான்டாக்டர் மூடும். நேரடியாக மூடினால் பாயும் மின்னோட்டத்தில் அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இருக்கைக்கு அடியிலிருந்து அடுத்தடுத்துக் கேட்கும் இரண்டு மூன்று 'டக்' ஒலிகள் இவற்றினுடையவை. அதன் பிறகுதான் டிசி-டிசி கன்வர்ட்டர் விழித்து, பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்து 14 வோல்ட் அளவுக்கு இறக்கிச் சிறிய பேட்டரிக்கு ஊட்டத் தொடங்கும். பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்யும் வேலை இது. ஆக, சிறிய பேட்டரியை நிரப்ப வேண்டிய மின்சாரம் முழுவதும் கான்டாக்டர்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவற்றை மூடுவதற்கு வேண்டிய ஆற்றலோ சிறிய பேட்டரியிடம்தான் இருக்கிறது. சுவர் சார்ஜரைச் செருகியும் ஒன்றும் நடக்காததற்கும் இதுவே காரணம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுப்பதால் பேட்டரி தளரத் தொடங்கியதுமே காலையில் என்ஜின் சுழல்வது மந்தமாகி நமக்குத் தெரிந்துவிடும். மின்சாரக் காருக்கு அந்தச் சுமையே இல்லை. சில பத்து ஆம்பியர் தந்தால் போதும். எனவே பேட்டரி தன் கொள்ளளவில் பெரும்பகுதியை இழந்த பின்னும் நல்லதுபோலவே நடந்துகொண்டு, ஒரு நாள் முன்னறிவிப்பின்றிக் கைவிட்டுவிடும்.

உங்கள் நிலைமைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பேட்டரியே கெட்டிருக்கலாம், பேட்டரி நன்றாக இருந்தும் டிசி-டிசி கன்வர்ட்டர் அதை நிரப்பாமல் இருக்கலாம், இரண்டும் நன்றாக இருந்தும் வண்டி உறங்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். மூன்றையும் மல்டிமீட்டராலேயே பிரித்தறியலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில், கதவுகளைத் திறக்கும் முன், பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். ஈய-அமில பேட்டரியில் ஆறு கலங்கள் உள்ளன. முழுவதும் நிறைந்திருந்தால் 12.6 அல்லது 12.7 வோல்ட், பாதியளவில் 12.2, ஏறத்தாழக் காலியாகும்போது 12-க்கும் கீழே. எவ்வளவு சார்ஜ் செய்தாலும் 10.5 அளவிலேயே நின்றால் ஒரு கலம் உள்ளுக்குள் குறுக்கிணைந்துவிட்டது என்று பொருள். அடுத்து, ரெடி விளக்கு எரியும் நிலையில் அதே முனைகளில் அளவெடுங்கள். 13.5 முதல் 14.5 வரை இருந்தால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. சில வண்டிகளில் பேட்டரி நிறைந்த பின் இது 13 வோல்ட் அளவுக்கு இறங்குவது இயல்பே. மாறாக 12-க்குச் சற்று மேலே தொடங்கி நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டே போனால் கன்வர்ட்டரோ அதன் ஃபியூஸோ கைவிட்டது என்று அறியலாம். அந்த நிலையில் வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லவே கூடாது. இது எங்கோ அரிதாக நடப்பதன்று. 2024-இல் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயானிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது, 12 வோல்ட் பேட்டரியை நிரப்பும் பணியையும் சேர்த்துச் செய்யும் சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காகத்தான்.

எல்லா வண்டிகளிலும் ஈய-அமில பேட்டரிதான் இருக்கும் என்று கொள்ளவும் கூடாது. டெஸ்லா 2021 முதல் மாடல் எஸ் போன்ற வண்டிகளில் இந்தச் சிறிய பேட்டரியையும் லித்தியம் அயனி வகைக்கு மாற்றிவிட்டது; நான் தந்த அளவுகள் அவற்றுக்குப் பொருந்தா. உங்கள் பேட்டரியின் மேல் ஒட்டியுள்ள தாளைப் பார்த்து வகையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சார்ஜரைச் செருகியே வைப்பதைப் பற்றி: பல வண்டிகளில் பெரிய பேட்டரிக்கு உண்மையில் சார்ஜ் ஏறும் நேரத்தில் மட்டுமே கான்டாக்டர்கள் மூடியிருக்கும். இலக்கை எட்டியதும் அவை திறந்துவிடும். அதன் பிறகு பிளக் செருகியிருந்தும் சிறிய பேட்டரிக்கு எதுவும் கிடைக்காது, சில வண்டிகளில் சார்ஜருடன் பேசிக்கொண்டிருக்கும் கணினி விழித்தே இருந்து கூடுதலாகவும் உண்ணும். குறிப்பிட்ட இடைவெளியில் தானே விழித்துச் சிறிய பேட்டரியை நிரப்பிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

நொய்யல்கரை:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சர்வீஸ் சென்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து பெரிய பேட்டரிக்கு ஆகக்கூடிய செலவை எண்ணியே தூக்கம் வராமல் இருந்தோம்.

ஈய-அமில பேட்டரிதான், 45 ஆம்பியர்-மணி என்று மேலே அச்சிட்டிருக்கிறது. காலையில் கதவைத் திறக்கும் முன் எடுத்த அளவு 11.4 வோல்ட். பூஸ்டரை மாட்டி ரெடி நிலைக்குக் கொண்டுவந்து, பூஸ்டரைக் கழற்றிய பின் எடுத்த அளவு 14.2 வோல்ட், கால் மணி நேரம் கழித்தும் அதில் மாற்றமில்லை. அன்று நெடுந்தொலைவு ஓட்டிவிட்டு மாலையில் நிறுத்தினோம். இரண்டு மணி நேரம் கழித்து 12.5 இருந்தது. மறுநாள் காலையில் 11.9. டெர்மினல்கள் இறுக்கமாகத்தான் இருக்கின்றன, பச்சை படியவில்லை.

இந்த அளவுகளிலிருந்து பேட்டரி மட்டும்தான் காரணம் என்று முடிவு செய்யலாமா? கடையில் கேட்டபோது உடனே மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

டெக்னீஷியன், ஓசூர்:

பயணியர் வண்டிகளின் மின்பகுதியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் 14.2 மிக நல்ல செய்தி. டிசி-டிசி கன்வர்ட்டர், அதன் ஃபியூஸ், கான்டாக்டர்கள், பெரிய பேட்டரி ஆகிய நான்கும் சரியாக இருந்தால்தான் அந்த எண் வரும். எஞ்சியிருப்பவை பேட்டரியும் இரவுக் கசிவும் மட்டுமே.

12.5-இலிருந்து ஒரே இரவில் 11.9-க்கு இறங்குவது இந்த இரண்டில் எதனாலும் நடக்கலாம் என்பதால் இப்போதே பேட்டரி வாங்க வேண்டாம். வண்டியில் பின்னர் மாட்டிய பொருள் ஏதேனும் உண்டா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். டாஷ்கேம், இருப்பிடம் காட்டும் கருவி, கூடுதல் ஆம்ப்ளிஃபையர், பழுது கண்டறியும் சாக்கெட்டில் செருகிய சிறு கருவி ஆகியவையே என்னிடம் வரும் வண்டிகளில் அடிக்கடி பிடிபடுபவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் வலிமை புரியும். பூட்டி உறங்கும் வண்டி வழக்கமாக 20 முதல் 50 மில்லிஆம்பியர் எடுக்கும். 50 என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணிதான், 45 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒரு மாதம் தாங்கும். நிறுத்தியிருக்கும்போதும் படம் பிடிக்கும் டாஷ்கேம் 300 மில்லிஆம்பியர் எடுத்தால் நாளொன்றுக்கு 7.2 ஆம்பியர்-மணி, புதிய பேட்டரியே ஒரு வாரத்தில் காலியாகிவிடும்.

அளக்கும் முறையில் கவனம் தேவை. மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்துப் பேட்டரிக் கம்பியுடன் தொடராக இணைக்கும் முறையை இணையத்தில் பலர் காட்டுகிறார்கள். அப்படி இணைத்திருக்கும்போது யாரேனும் கதவைத் திறந்தாலோ ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினாலோ மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும். அதைவிட எளிய வழி உண்டு. ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் திறந்திருக்கும். வண்டியைப் பூட்டி, ரிமோட்டை வீட்டுக்குள் எடுத்துச் சென்றுவிட்டு, அரை மணி நேரம் காத்திருங்கள். கணினிகள் எல்லாம் உறங்க அவ்வளவு நேரம் ஆகும். கைபேசிச் செயலியில் வண்டியின் நிலையைப் பார்க்காதீர்கள், அது வண்டியை எழுப்பிவிடும். பானட்டை முன்பே திறந்து, அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவைத்துக்கொண்டால் மூடியிருப்பதாகவே வண்டி எண்ணும். பானட்டை மூடும் முன் அந்தப் பூட்டை மீண்டும் விடுவிக்க மறந்துவிடக் கூடாது. பிறகு மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைத்து ஒவ்வொரு ஃபியூஸின் இரு புள்ளிகளையும் தொட்டுப் பாருங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸ் சுழியைக் காட்டும். சில மில்லிவோல்ட் காட்டும் ஃபியூஸ்தான் நமக்கு வேண்டியது. டிசி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் எதிர்முனைக் கம்பியைச் சுற்றி மாட்டி மொத்த அளவையும் அறிந்துகொள்ளலாம்.

பேட்டரியின் தரத்தை அறிய, அதை மெதுவாக ஏற்றும் சார்ஜரில் இரவு முழுவதும் வைத்து நிரப்பி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, பேட்டரிக் கடையில் கையடக்கச் சோதனைக் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். காலியான பேட்டரியைச் சோதித்துக் கெட்டது என்று சொல்வது முறையன்று.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இவை எல்லாம் 12 வோல்ட் பக்கத்தில் மட்டும். ஆரஞ்சு நிற உறை போட்ட எந்தக் கம்பியையும், அது சென்று சேரும் எந்தப் பெட்டியையும் தொட வேண்டாம். வண்டி அணைந்திருந்தாலும் இன்வர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும்; பயிற்சி பெற்றவர்களே 1,000 வோல்ட்டுக்குச் சான்று பெற்ற கையுறை அணிந்து, காத்திருந்து, அளந்து பார்த்த பிறகுதான் கை வைப்பார்கள்.

நொய்யல்கரை:

ஐயா, நீங்கள் குறிப்பிட்டது போலவே எங்கள் வண்டியில் டாஷ்கேம் இருக்கிறது. வண்டி அணிகலன் கடையில் சென்ற ஆண்டு மாட்டிக்கொடுத்தார்கள். அடித்தளத்தில் யாரேனும் இடித்துவிட்டுப் போனால் தெரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தியிருக்கும்போதும் பதிவாகும்படி ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரடி இணைப்பு எடுத்திருக்கிறார்கள்.

நண்பர் ஒருவரிடமிருந்து கிளாம்ப் மீட்டர் கிடைத்தது. அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தபோது 0.33 ஆம்பியர். டாஷ்கேமின் ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.03-க்கு இறங்கியது. பேட்டரியை முழுவதும் நிரப்பிக் கடையில் சோதித்தபோது கொள்ளளவு மிகவும் குறைந்திருப்பதாகக் கருவி காட்டியது. இப்போது எங்களுக்கு ஒரு குழப்பம்: கெட்டது பேட்டரியா, கெடுத்தது டாஷ்கேமா?

ஓய்வுபெற்ற மின்பொறியாளர், சேலம்:

இரண்டும்தான், ஒன்றிலிருந்து மற்றொன்று. அன்றாடம் ஓட்டிய காலத்தில் டாஷ்கேம் இரவில் குடித்ததை டிசி-டிசி கன்வர்ட்டர் பகலில் ஈடு செய்துகொண்டிருந்திருக்கும், ஆனால் ஓட்டாத நாள்களில் பேட்டரி ஆழமாக இறங்கியிருக்கும். ஈய-அமில பேட்டரி இறங்கிய நிலையில் கிடக்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியான படிகங்களாக இறுகிவிடுகிறது. பின்னர் சார்ஜ் செய்தாலும் அவற்றில் ஒரு பகுதி மீண்டும் கரைவதில்லை. கோடை வெப்பம் இந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இவ்வகைப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எங்கள் துறையில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. விடுமுறைக் காலம் அதை முற்றிலும் காலியாக்கியிருக்கிறது. அந்த நிலையிலிருந்து முழுமையாக மீளாது, மாற்றத்தான் வேண்டும். இணைப்பை அப்படியே விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த விடுமுறையில் புதிய பேட்டரிக்கும் இதே கதி நேர்ந்திருக்கும்.

டாஷ்கேமை, வண்டி இயங்கும்போது மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு மாற்றிவிடுங்கள். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு வேண்டும் என்றால் தனக்கென்று பேட்டரி கொண்ட பெட்டியை இடையில் வைப்பதே முறை. மின்னழுத்தம் குறைந்தால் தானே அணையும் டாஷ்கேம்களும் உண்டு. சிலவற்றில் அந்த எல்லையை 11.8 என்று வைத்துத் தருகிறார்கள், அதற்குள் பேட்டரி காலியாகிவிடும். குறைந்தது 12.2 என்று அமைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

புதிய பேட்டரியை வாங்கும்போது கையேட்டில் குறிப்பிட்டுள்ள வகையும் அளவும் மாறக் கூடாது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, முழுவதும் மூடிய வகை பொருத்தியிருந்த இடத்தில் தண்ணீர் ஊற்றும் சாதாரண வகையை வைக்காதீர்கள். பெரிய பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் தரும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இந்தச் சிறிய பேட்டரியைச் சேராது; அதற்குத் தனியான குறுகிய உத்தரவாதமே இருக்கும்.

மின்வண்டி மதுரை:

சார்ஜரைச் செருகி வைப்பது பற்றிப் பொறியாளர் ஐயா சொன்னதைப் படித்து என் வண்டியின் கையேட்டைப் புரட்டினேன். நெடுநாள் நிறுத்துவதானால் 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைக்கும்படிதான் அதில் எழுதியிருக்கிறது. நொய்யல்கரை அவர்கள் அவ்வாறு செய்வதானால் பானட்டைத் திறக்கும் கம்பி கதவுக்குள் இருப்பதையும், மின்சாரம் இல்லாதபோது கதவை உலோகச் சாவியால் மட்டுமே திறக்க முடியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உலோகச் சாவியை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிடக் கூடாது.

இன்னொன்று, உங்கள் பூஸ்டர் வேலை செய்திராவிட்டால் இழுவை வண்டி தேவைப்பட்டிருக்கும். அப்போது ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். நிலைகாந்த மோட்டார் சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கி இன்வர்ட்டரைச் சேதப்படுத்தக்கூடும். உங்களுடையதைப் போன்ற தாழ்ந்த அடித்தளங்களில் சக்கரங்களுக்கு அடியில் சிறு உருளைப் பலகைகளை வைத்து வெளியே கொண்டுவந்து, அதன் பின் தட்டை லாரியில் ஏற்றுவார்கள்.

நொய்யல்கரை:

அதே அளவில் புதிய பேட்டரி மாற்றினோம். பழையதைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொடுத்தார். டாஷ்கேம் இணைப்பையும் மாற்றியாயிற்று. காலையில் கதவைத் திறக்கும் முன் 12.6 வோல்ட், உறக்க நிலையில் 0.03 ஆம்பியர், ரெடி நிலையில் 14.2. வண்டி நன்றாக ஓடுகிறது. மோட்டார் வடிவ எச்சரிக்கை விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அதற்காகச் சர்வீஸ் சென்டருக்குச் செல்ல வேண்டுமா?

டெக்னீஷியன், ஓசூர்:

மின்னழுத்தம் குறைந்தபோது கணினிகள் எழுதி வைத்த பிழைக் குறியீடுகள் அவை. சில வண்டிகளில் சில முறை ஓட்டிய பின் தாமாகவே நீங்கும்; சிலவற்றில் கண்டறியும் கருவியை இணைத்து அழிக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் அழிக்கும் முன் பட்டியலை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்த மின்னழுத்தம், தொடர்பு துண்டிப்பு என்ற வகையில் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். அழித்த பின் உயர் மின்னழுத்தக் காப்புத்தடை (உயர் மின்னழுத்தம் வண்டியின் உடலுக்குக் கசியாமல் தடுக்கும் காப்பு) குறித்த குறியீடு ஏதேனும் மீண்டும் வந்தால் மட்டும் வண்டியை ஓட்டாமல் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அது இந்தப் பேட்டரியுடன் தொடர்பில்லாத வேறு கோளாறு, அதை அவர்கள்தாம் பார்க்க வேண்டும்.